நாளுக்கு இரண்டு கோடு

உபதேசியார் வேலையில் கடினமான வாரம் தவக்காலத்தில் வருவதில்லை. அது முடிந்த பிறகு வருகிறது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலைவிட்டு வெளியே வந்தவர்களில் ஒருவர் கறியை விட்டிருப்பார், ஒருவர் பீடியை விட்டிருப்பார், ஒருவர் குடியை விட்டிருப்பார். நாற்பது நாளும் சொன்ன சொல் தவறாமல் நிற்பார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் மதியம் கறி வேகும்போது பாட்டிலும் வந்துவிடும். அடுத்த ஞாயிறு, போன ஆண்டு இருந்த அதே இடத்தில் அவர்கள் நிற்பார்கள்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் அந்தத் திருவிழாவுக்கு, காவி கட்டி, செபமாலை சொல்லிக்கொண்டு, கொப்புளம் வெடித்த காலோடு நடப்பார்கள். வழியெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை வராது. காவியை அவிழ்த்த சில நாளில் வீட்டில் பழைய குரல் கேட்கும்.

இவர்களை வேடதாரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த விரதம் உண்மை, அந்தக் கண்ணீர் உண்மை. விரதம் நாளை எண்ணுகிறது. வழக்கமோ ஒரு குறிப்பிட்ட நேரத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. நாள் முடிந்ததும் விரதம் போய்விடும், நேரமும் இடமும் அங்கேயே இருக்கும். வழக்கத்தை அதன் நேரத்திலும் அதன் இடத்திலும் போய்ச் சந்திக்காமல் யாரும் அதை வென்றதாக நான் பார்த்ததில்லை. அப்படிச் சந்திப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுப்பதே என் வேலையின் நடுநாயகம் என்று நான் நம்புகிறேன்.

அந்த முறை எங்கள் மண்ணுக்குப் புதியது அல்ல. கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம் இருக்கிறது ஏலாக்குறிச்சி. இலக்கியத்தில் அதற்குத் திருக்காவலூர் என்று பெயர். அங்குள்ள அடைக்கல அன்னையிடம் பெரும்பாலும் நோய் தீரவும் பிள்ளை வரம் கேட்கவும் மக்கள் வருகிறார்கள். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயருக்கு வந்த ராஜபிளவை என்ற கட்டி இந்த மண்ணால் ஆறியது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்த பெஸ்கி, வீரமாமுனிவராக வாழ்ந்து உழைத்த ஊர் அது. சூசையப்பரைத் தலைவராக வைத்து 36 படலங்களில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726-இல் முடித்தார். அடுத்த ஆண்டே உபதேசியார்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதினார்.

ஒரு பெருங்காப்பியத்தை முடித்த கை, ஓய்வெடுக்காமல், கிராமத்து உபதேசியாருக்கு எழுதியிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அன்று குருக்கள் மிகச் சிலர். ஒரு ஊருக்குச் சாமியார் எப்போதோ ஒருமுறைதான் வர முடியும். மற்ற நாள்களில் செபம் சொல்லிக் கொடுப்பது, சாகக் கிடக்கிறவருக்குத் துணையிருப்பது, சண்டையைத் தீர்த்துவைப்பது எல்லாம் உபதேசியார் தலையில்தான். அவர் பேசுவது ஒன்றும் வாழ்வது ஒன்றுமாக இருந்தால் ஊரே கெடும். ஆகவே முனிவர் அவரிடம் நாவன்மையைத் தேடாமல் ஒழுக்கத்தைத் தேடினார்.

முனிவரிடம் இருந்த ஒழுக்கம் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் பள்ளியில் கற்றது. 1521-இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்த படைவீரர் இஞ்ஞாசியார். பொழுதுபோகாமல் இரண்டு வகைக் கனவு கண்டார். அரண்மனைப் பெண்ணுக்காக வீரச் செயல் செய்வது ஒரு கனவு. புனிதர்களைப்போல வாழ்வது மற்றொன்று. காணும்போது இரண்டும் இனித்தன. முடிந்த பிறகு முதல் கனவு மனத்தை வறட்சியாக விட்டுச் சென்றது, இரண்டாவது மகிழ்ச்சியைத் தங்கவைத்தது. உலகம் எது, ஆவி எது என்று அவர் கண்டுபிடித்தது இப்படித்தான். ஒன்றைச் செய்து முடித்த பிறகு மனத்தில் எது மிஞ்சுகிறது என்று பார்த்தார். அந்த அனுபவத்தில் கிளைத்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலைத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஏற்றுக்கொண்டார். அந்தப் பயிற்சியில் வளர்ந்த இயேசு சபையார் நாளுக்கு இருமுறை ஆன்ம சோதனை செய்கிறவர்கள். கொள்ளிடக் கரையில் நடந்த முனிவரும் அந்தப் பழக்கத்தோடுதான் நடந்திருப்பார்.

அந்த நூலில் வரும் தனி ஆன்ம சோதனையைத்தான் நான் சாதாரணப் பள்ளி நோட்டில் கற்றுக்கொடுக்கிறேன். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு கோடு போட வேண்டும். மேல் கோடு காலை முதல் மதியம் வரை, கீழ்க் கோடு மதியம் முதல் இரவு வரை. காலையில் எழுந்ததும் இன்று இதில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. இரவும் அப்படியே. நாள் ஏற ஏறக் கோட்டைச் சின்னதாக்கிக்கொண்டே போக வேண்டும். புள்ளிக்கு இடம் குறைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கோட்டிலேயே இருக்கிறது. கீழ்க் கோட்டை மேல் கோட்டோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். விழுந்த அந்த நொடியிலேயே கையை நெஞ்சில் வைக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கேட்க எளிது. முதல் படியிலேயே பலரும் தடுக்கி விழுகிறார்கள். என்ன குறை என்று கேட்டால் “கோபம்” என்பார்கள். கோபத்துக்குப் புள்ளி வைக்க முடியாது. எப்போது, யாரிடம், எந்த இடத்தில் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். “காலையில பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புறப்ப, மாமியார் அடுப்படிக்கு வந்தா” என்று பதில் வரும்போது வேலை தொடங்குகிறது. அது ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், ஒரு அடுப்படியில் நடக்கும் காரியம். அதற்குப் புள்ளி வைக்கலாம்.

அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டும் தம்பி ஒருவர், “அண்ணே, நாப்பது நாளும் தொடல. ஈஸ்டர் அன்னிக்கு மட்டும்னு ஆரம்பிச்சேன், அப்புறம் நிக்கல” என்றார். குடி அவருக்கு எங்கே தொடங்குகிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கடை வாசலில் தொடங்கவில்லை. கடைசி நடை முடித்து லாரியை நிறுத்தியதும், கூட்டாளி போனில் கூப்பிடும் நேரத்தில் தொடங்கியது. அந்த அழைப்பு வந்த பிறகு அவர் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை. அவர் குடிக்குப் புள்ளி வைக்காமல் அந்த அழைப்பை எடுத்ததற்குப் புள்ளி வைத்தார். அந்த நேரத்தில் பெண்டாட்டிக்குப் போன் செய்து, கடையில் என்ன வாங்கி வரவேண்டும் என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

பழைய வழக்கத்தின் இடத்தில் வேறொன்றை வைக்கும் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது. ஆண்டவர் சொன்ன ஒரு எச்சரிக்கை மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிறது. வெளியேறிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கும்போது வீடு கூட்டி அழகாகக் கிடக்கிறது, ஆனால் உள்ளே ஆளில்லை. அது இன்னும் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு குடிபுகுகிறது. தவக்காலம் முடிந்ததும் நடப்பது இதுதான். கூட்டிவிட்டோம், குடிவைக்கவில்லை. இரவு படுக்கையில் செல்போனில் ரீல்ஸ் பார்த்தே பன்னிரண்டு மணி ஆக்கும் பையனிடம் பார்க்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவன் தூங்கமாட்டான். போனைக் கூடத்தில் சார்ஜில் போடு, அப்பாவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுப் படு என்று சொன்னால் அந்த நேரத்துக்கு ஒரு குடியிருப்பவர் கிடைக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்த முறை ஆகாது என்று சிலர் சொல்வார்கள். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு பெரியம்மா முந்தானை முடிச்சில் சோள மணிகளை வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிப் புறணி பேசும்போதெல்லாம் ஒரு மணியை இடப்பக்க முடிச்சுக்கு மாற்றுவார். இரவில் எண்ணிப் பார்த்து மாதா படத்துக்கு முன் வைப்பார். “ஐயா, வாயத் தொறக்குறதுக்கு முந்தியே கை முடிச்சுக்குப் போவுது இப்பெல்லாம்” என்றார். இஞ்ஞாசியார் நெஞ்சில் வைக்கச் சொன்ன கை அதுதான்.

முதல் வாரம் புள்ளி குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். பலருக்கும் கூடுகிறது. மனம் உடைந்து நோட்டை மூடிவிடுகிறவர்கள் அங்கேதான் அதிகம். முன்பு கண்ணில் படாமல் போனது இப்போது படுகிறது என்பதுதான் அதன் பொருள், கெட்டுப்போனோம் என்பதல்ல. மக்காச்சோளக் கொல்லையில் முதல் களையெடுப்பு முடிந்து ஒரு மழை பெய்ததும் மறுபடி முளைக்கிறது. விவசாயி அதற்காக விதைத்ததைக் கைவிடுவதில்லை, இரண்டாம் களைக்கு ஆள் பார்க்கிறார். மறுபக்கம், புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துக் குற்ற உணர்வில் மூழ்குகிறவர்களும் உண்டு. மன்ரேசாவில் 1522-இல் இஞ்ஞாசியாரே அந்தக் குழியில் கிடந்து தவித்தவர். அப்படிப்பட்டவரிடம் நோட்டை வாங்கி வைத்துவிடுகிறேன். இரவில் அன்று கிடைத்த நன்மைகளுக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுத் தூங்கச் சொல்கிறேன். பொது ஆன்ம சோதனையின் ஐந்து படிகளிலும் நன்றி சொல்வதே முதல் படி. குறையைத் தேடுவது பிறகுதான். இந்த வரிசையை மாற்றினால் சோதனை விசாரணையாகிவிடும்.

எதைச் சோதிப்பது என்பது அடுத்த கேள்வி. எங்கள் ஊர்களில் உலகம் என்றால் குடி, சினிமா, சீட்டு என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் தரும் பட்டியல் வேறு மாதிரி. அதில் அவர் 15 செயல்களைச் சொல்கிறார். குடியும் களியாட்டமும் கடைசியில் வருகின்றன. உடலின் இச்சைகள் முதலில் வருகின்றன. நடுவில் பகை, சச்சரவு, பொறாமை, சீற்றம், கட்சி கட்டுதல், பிரிவினை, பிளவு, அழுக்காறு என எட்டு இருக்கின்றன. பாதிக்கு மேல் மனிதருக்கும் மனிதருக்கும் இடையில் நடப்பவை. இந்த எட்டையும் வைத்துக்கொண்டே ஒருவர் நாற்பது நாளும் கறி தின்னாமல் இருந்துவிட முடியும்.

எறையூர் எங்களுக்குத் தொலைவில் இல்லை. 2008 மார்ச் 9 அன்று, தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டதை ஒட்டி அங்கே கத்தோலிக்கர்களுக்குள்ளேயே மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. இரண்டு பக்கமும் ஒரே ஆண்டவரின் பாடுகளை நினைத்து நோன்பிருந்த காலம் அது. அந்தத் தேதியை நான் ஒவ்வொரு ஆண்டும் தவக்கால வகுப்பில் சொல்கிறேன். சாதி எங்களுக்கு வெளியிலிருந்து வந்து தொற்றிய நோய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இயேசு சபையின் மதுரை மிஷனில் இருந்த குருக்களே பிராமண சந்நியாசிகள் என்றும் பண்டாரச் சாமிகள் என்றும் பிரிந்து பணிசெய்து, அன்றைய சமூக வழக்கத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். தேர் எந்தத் தெருவுக்குப் போகும், கல்லறையில் யார் எந்தப் பக்கம், சாவு வீட்டில் யார் கையால் தண்ணீர் குடிப்பது என்பதில் அந்த வழக்கம் இன்றும் பல ஊர்களில் மூச்சுவிடுகிறது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருக்கக் கூடாது என்று அறிவித்தது. ஆவணம் தெருவுக்கு வருவது நோட்டின் வழியாகத்தான். ஒரு தெருக்காரரை ‘அவன்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. நான் பார்த்தவரை, குடிக்குப் புள்ளி வைக்கச் சம்மதிக்கிறவர்கள்கூட இதற்குத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கமே புண் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுகிறது.

எழுப்புதல் கூட்டங்களையும் இரவுச் செபங்களையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆவியானவர் ஒரு இரவில் ஒருவரைத் தொட்டுத் திருப்ப வல்லவர், அப்படித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பியவர் மறுநாள் காலை அதே வீட்டில்தான் கண் விழிக்கிறார். புனித அகுஸ்தினார் 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் அழுது மனம் திரும்பியதை ‘பாவ அறிக்கை’ நூலில் எழுதும்போது, அதற்கு முந்தைய பல ஆண்டுகளையும் மறைக்காமல் எழுதுகிறார். கோணலான விருப்பம் இச்சையாகி, இச்சைக்கு இணங்க இணங்க வழக்கமாகி, எதிர்க்காத வழக்கம் கட்டாயமாகி, சங்கிலிபோலத் தன்னை இறுக்கியதை அவர் காட்டுகிறார். கடவுளின் அருள்தான் அந்தச் சங்கிலியை அறுத்தது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை. நோட்டும் கோடும் புள்ளியும் யாரையும் மீட்பதில்லை. அருள் வந்து நிற்கும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்கே தெரிந்திருக்க அவை உதவுகின்றன.

வறட்சி வரும். செபம் வாயில் மண்ணாக இருக்கும், இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அந்த நேரத்துக்கு இஞ்ஞாசியார் சொன்ன இரண்டு விதிகளை நான் எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை இருட்டில் இருக்கும்போது மாற்றாதே என்பது ஒன்று. செபத்தைக் குறைக்கத் தோன்றும் நாளில் ஒரு சில நிமிடம் கூட்டு என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு அறிவுரையும் உண்டு. சோதனை இரகசியத்தை விரும்பும், ஆகவே நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லலாம், அன்பியத்தில் நம்பும் ஒரு மூத்தவரிடம் சொல்லலாம். சொன்ன அன்றே பாதி பலம் போய்விடுகிறது.

குடியில் ஆழமாக இருப்பவர்களிடம் மட்டும் நான் வேறு மாதிரி பேசுகிறேன். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தம் தடுமாறுதல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும், செபம் கூடவே வரட்டும். மருத்துவத்தோடு, குடியிலிருந்து மீண்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் கூட்டமும் வேண்டும். அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில், தன் வாழ்வை அஞ்சாமல் கணக்கெடுப்பது, அதை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்வது, கணக்கை நாள்தோறும் தொடர்வது ஆகியவை இருக்கின்றன. அதன் நிறுவனர்களில் ஒருவரான பில் வில்சனைத் தேடி 1940-இல் வந்த இயேசு சபைக் குரு எட்வர்டு டவ்லிங், இந்தப் படிகளும் இஞ்ஞாசியாரின் பயிற்சிகளும் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். வில்சனுக்கு அந்தப் பயிற்சிகளைப் பற்றி அதுவரை தெரியாது. உண்மையாகப் போராடியவர்கள் வெவ்வேறு கரைகளிலிருந்து ஒரே துறைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நோட்டில் புள்ளி குறைந்தால் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். போதாது என்பேன். அதே ஐந்தாம் அதிகாரத்தில் பவுலடியார் ஆவியின் கனிகள் ஒன்பதைச் சொல்கிறார். அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை, பரிவு, நன்னயம், நம்பிக்கை, கனிவு, தன்னடக்கம். தன்னடக்கம் கடைசியில் நிற்கிறது. அதை மட்டும் வளர்த்துக்கொண்டு, மற்ற எட்டும் இல்லாமல், வீட்டில் எல்லோரையும் விரட்டும் பக்திமான்கள் உண்டு. ஆகவே மாதம் ஒருமுறை நோட்டை மூடி வைத்துவிட்டு, வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள் என்கிறேன். நான் முன்னைவிட உங்களோடு இருக்கத் தகுந்தவனாக இருக்கிறேனா என்று பெண்டாட்டியிடம், பிள்ளையிடம், வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் பதில்தான் கனி.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சாம்பல் புதன்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு படுக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு வழக்கத்தை, அதன் நேரத்தோடும் இடத்தோடும் ஆளோடும் எழுதுங்கள். அந்த நேரத்தில் அதற்குப் பதிலாக என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பகையில் இருக்கும் ஒருவர் உங்களுக்கு உண்டென்றால், கறியையும் பீடியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவரிலிருந்து தொடங்குங்கள். நாளைக் காலை இரண்டு கோடு போடுங்கள். விழுந்தால் புள்ளி வையுங்கள், நெஞ்சில் கை வையுங்கள், எழுந்து நடங்கள். ஆவியானவர் உங்களுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்.